ஞாயிற்றுக்கிழமைப் பேட்டரி

காருக்குள் மூன்று பேர் இருந்தார்கள். வலப்பக்கம், ஸ்டியரிங்கின் பின்னால், கவ்ரீல்: அடுத்த வீட்டுக்காரர், பண்ணையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இடப்பக்கம் முன்சீட்டில் வர்வாரா. கணவர் ப்ரகோப்பி இறந்தபின் கார் அவளுடையது. பின்சீட்டின் நட்டநடுவில், முன்னால் இருக்கும் இரண்டு தலைகளுக்கும் இடையே தன் தலை வருகிற மாதிரி, ப்ரகோப்பியின் அக்கா அக்குலினா. மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாரம் முழுதும் வீட்டுக்குள் கணப்பின் பக்கத்தில் இருந்துவிட்டு, இன்று காலை சறுக்குவண்டியில் ஏறி முற்றத்துக்கு வந்து, காரின் முன்மூடிக்குக் கீழே தன் இடத்தில் இருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தெட்டு. கார் எங்கும் போகவில்லை. குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் அது நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் உறுமும். மூவரும் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். வர்வாராவுக்கு அந்த அட்டைப்பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்கவே மனமில்லை.

கவ்ரீல்: ...கேக்குதா? இப்பத்தான் சத்தம் சீராச்சு. முதல்ல கிழவன் இருமற மாதிரி இருந்துச்சு.

அக்குலினா: எந்தக் கிழவன்?

கவ்ரீல்: பொதுவாச் சொன்னேன் அக்கா.

அக்குலினா: ஹீட்டரைத் திருப்பு. என் முட்டி ரெண்டும் இன்னும் ஆத்து ஐஸுக்கு அடியில கிடக்கு.

கவ்ரீல்: இப்பத் திருப்பினா குளிர்காத்துதான் வரும். இன்ஜின் சூடாகட்டும்.

வர்வாரா: அடியில ரொம்ப நேரம் நெருப்புக் காட்டினீங்களே. இன்னுமா சூடாகல?

கவ்ரீல்: ப்ளோ லேம்ப் சூடு ஆயிலுக்குத்தான். ஆயில் இளகிடுச்சு. மிச்சமெல்லாம் மெதுவாத்தான் இளகும்.

அக்குலினா: நீ ஏன் சீட்டு நுனியில உக்காந்திருக்கே? கோழி விட்டத்துல உக்காந்த மாதிரி.

கவ்ரீல்: இப்படித்தான் பழக்கம் அக்கா.

அக்குலினா: ம்... ஒரு மணி நேரம் நெருப்பு, அரை மணி நேரம் ஓட்டம், போற தூரம் சைபர். ஏன்டா கவ்ரீலு, மூணு குளிர்காலத்துல எரிச்ச பெட்ரோலுக்கு நாம மூணு பேரும் லேனா ஆத்தைத் தாண்டி யாகூத்ஸ்க் போயிட்டு வந்திருக்கலாம். கச்சேரியே பாத்திருக்கலாம்.

கவ்ரீல்: பேட்டரிக்காகத்தானே அக்கா. வாரம் ஒருதரம் ஓட்டலைன்னா சோர்ந்துபோயிடும்.

அக்குலினா: எனக்குத் தெரியாது பாரு. இருவது வருஷம் பண்ணையில பால் லாரி ஓட்டினது நானா, எங்க பாட்டனா?

கவ்ரீல்: அது அந்தக் காலத்து லாரி அக்கா. முன்னால கம்பியை விட்டுச் சுத்தினா கிளம்பும்.

அக்குலினா: கம்பியும் இருந்துச்சு, பேட்டரியும் இருந்துச்சு. ஒரு தடவை வழியில டயர் போய், ராத்திரி பூரா காட்டுல நின்னேன். பேட்டரியைக் கழட்டி என் கோட்டுக்குள்ள வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கினேன். அது பொழைச்சுக்கிச்சு. கோட்டுலதான் ஆசிட் பட்டு எங்க பாத்தாலும் ஓட்டை. அந்த வருஷம் என்னைப் பொண்ணு பாக்க வந்தவன், வீட்டுல எலித் தொல்லை ஜாஸ்தியான்னு கேட்டான்.

வர்வாரா: நீங்க என்ன சொன்னீங்க?

அக்குலினா: ஆமா, பெரிய எலி, தினமும் ராத்திரி பக்கத்துலதான் படுத்துக்கும்னேன். ஓடிட்டான்.

கவ்ரீல்: அந்த லாரியில இப்ப என்ன மிச்சம் இருக்கு?

அக்குலினா: ஒரு ஹெட்லைட் பல்பு என் டிரங்குப் பெட்டியில. இன்னொண்ணு இடுப்பு வலி. அதை எங்க வச்சிருக்கேன்னு நீயே கண்டுபிடி.

வர்வாரா: டீ ஊத்தவா? அப்பம் இன்னும் சூடாத்தான் இருக்கு. கோட்டுக்குள்ள வச்சுக் கொண்டுவந்தேன்.

கவ்ரீல்: கொடுங்க. நீங்க சுட்ட அப்பத்துக்காகவே...

வர்வாரா: என்ன?

கவ்ரீல்: பேட்டரிக்காகத்தான் வர்றேன். ஆனா அப்பமும் நல்லாத்தான் இருக்கு.

அக்குலினா: பேசி முடிச்சாச்சா? அப்ப இந்தப் பெட்டிக்கு ஒரு வழி சொல்லுங்க. நாய்க்குட்டி மாதிரி மடியில வச்சிட்டிருக்கேன்.

வர்வாரா: அப்புறம் பாக்கலாம் அக்கா.

அக்குலினா: அப்புறம் எப்ப? மத்தியானம் ஸ்டெபானோட மினிபஸ் நகரத்துக்குக் கிளம்பிடும். அவன்கிட்ட பதில் கொடுத்தனுப்பச் சொல்லி உன் மகன் எழுதியிருக்கான்ல?

கவ்ரீல்: என்ன பெட்டி? நான் ஏதோ துணிமணின்னு நினைச்சேன்.

அக்குலினா: அட, இவ உன்கிட்ட சொல்லவே இல்லையா? நேத்து வந்துச்சு. ஐசென் அனுப்பினது.

வர்வாரா: இன்னிக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்.

கவ்ரீல்: சரி... என்ன அது?

அக்குலினா: சார்ஜர். சும்மா சார்ஜர் இல்ல, புத்தியுள்ள சார்ஜராம். இரு, கடுதாசியைப் படிக்கறேன். என் கண்ணாடி எங்க... இப்பத்தான் இங்க...

வர்வாரா: நெத்தியில இருக்கு.

அக்குலினா: ம். கேளு. ‘அம்மா, இதைச் சுவரில் மாட்டி, இரண்டு வயரையும் பேட்டரியில் கவ்வ விட்டால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். குறைந்தால் ஊட்டும், நிறைந்தால் நிறுத்தும். பச்சை விளக்கு எரிந்தால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். இனிக் குளிர்காலம் முழுக்க நீங்கள் காரைத் தொடவே வேண்டாம்.’ கவ்ரீலு, தொடவே வேண்டாமாம்.

கவ்ரீல்: காதுல விழுந்துச்சு அக்கா.

அக்குலினா: இன்னும் இருக்கு. ‘பேட்டரியை விட்டுவிட்டு வர முடியாது என்றுதானே மூன்று வருஷமாக மறுக்கிறீர்கள். இப்போது அந்தக் கவலையும் தீர்ந்தது. அடுத்த சனிக்கிழமை ஸ்டெபான் வண்டியில் உங்களுக்கும் அத்தைக்கும் இடம் சொல்லிவிட்டேன். குளிர்காலம் முடிகிறவரை எங்களோடு இருங்கள். இனிமேல் வருஷா வருஷம் இப்படியே வைத்துக்கொள்வோம். விறகு பிளக்க வேண்டாம், ஐஸ்கட்டி உருக்க வேண்டாம். குழாயைத் திறந்தால் வெந்நீர்.’ அவ்வளவுதான். கீழ பேரப்பிள்ளைங்க ஒரு மானை வரைஞ்சிருக்கு. இல்ல, மாடோ.

வர்வாரா: குதிரை.

கவ்ரீல்: ...வருஷா வருஷமா?

அக்குலினா: அப்படித்தான் எழுதியிருக்கான். அப்பம் ஏன் கையிலயே இருக்கு? தின்னு.

கவ்ரீல்: திங்கறேன். அந்தப் பெட்டியைக் கொடுங்க பாக்கலாம். ...எடையே இல்லையே இது. பொம்மை மாதிரி இருக்கு.

அக்குலினா: எடை உன்னைவிடக் கம்மிதான். டீ குடிக்காது, அப்பம் கேக்காது.

கவ்ரீல்: வயர் பாருங்க. மெல்லிசு. இந்தக் குளிர்ல வெளிய கொண்டுவந்தா மரக்குச்சி மாதிரி விறைச்சுப் படக்குன்னு ஒடிஞ்சிடும்.

அக்குலினா: வெளிய எதுக்குக் கொண்டுவரணும்? பேட்டரி வாரம் பூரா என் ரூம்ல, கணப்புக்குப் பின்னாலதானே படுத்திருக்கு? நான் இருமினாக்கூட அதுக்குக் கேக்கும்.

கவ்ரீல்: கரண்ட் போகுதே நம்ம ஊர்ல.

அக்குலினா: போனா வரும்ல? வந்ததும் தானே தொடங்கிக்குமாம், இந்தத் தாள்ல படம் போட்டிருக்கு.

கவ்ரீல்: ஆளில்லாத வீட்டுல கரண்ட் சாமானை மாட்டிட்டுப் போறதாவது! ஒரு பொறி பட்டாப் போதும்...

அக்குலினா: அதுவும் சரிதான். அப்ப உன் வீட்டுல மாட்டிக்க. நீ எங்கயும் போகப் போறதில்லையே.

கவ்ரீல்: ...இல்ல. நான் எங்க போறேன்.

வர்வாரா: ஏன் அக்கா அவரைப் போட்டு இப்படிக் குடையறீங்க?

அக்குலினா: நான் எங்கடி குடையறேன்? மெக்கானிக் ஆச்சே, அபிப்பிராயம் கேக்கறேன்.

கவ்ரீல்: ஒண்ணு சொல்றேன் அக்கா. போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கா? ஐசென் லீவுல வந்திருந்தான். பெட்ரோலை வீணாக்காதீங்க, ரெண்டு வாரம் தொடாம விட்டுப் பாப்போம்னான். விட்டோம். மாட்டித் திருப்பினா ஒரு டிக் சத்தம்கூட இல்ல. செத்துக் கிடந்துச்சு. ரெண்டே வாரத்துல!

வர்வாரா: ஆமா. ஐசென் அசந்துபோயிட்டான்.

அக்குலினா: அது... ஆமா. அப்படி ஒண்ணு நடந்துச்சு.

வர்வாரா: அந்த வாரம் கரண்ட்டும் இல்ல. விளக்கு வெளிச்சத்துல அக்கா விடிய விடியப் பழைய பத்திரிகை படிச்சிட்டிருந்தாங்க. கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியும். கண்ணு போயிடும், அணைச்சிட்டுப் படுங்கன்னு நான் சத்தம்கூடப் போட்டேன்.

அக்குலினா: நல்ல பத்திரிகைங்க. ...சரி, பேசிக்கிட்டே இருந்தா ஸ்டெபான் போயிடுவான். நான் போய்ப் பேனாவும் உறையும் எடுத்துட்டு வர்றேன். கணப்புல ரெண்டு கட்டையும் போட்டுட்டு வரணும்.

வர்வாரா: நான் போறேன் அக்கா. படியெல்லாம் வழுக்கும்.

அக்குலினா: நீ உக்காரு. படி எனக்குப் பழக்கம். கதவை உடனே இழுத்துச் சாத்துங்க, சூடு போயிடும். என்ன எழுதறதுன்னு ரெண்டு பேரும் பேசி வைங்க. வாயை மூடிக்கிட்டு முன்கண்ணாடியையே பாத்துட்டிருக்காதீங்க, அதுல ஒண்ணுமே தெரியல, வெறும் பனிப்புகை.

...

வர்வாரா: போயாச்சா?

கவ்ரீல்: படி ஏறிட்டாங்க. உள்ள போயாச்சு.

வர்வாரா: நேத்தே உன்கிட்ட சொல்ல வந்தேன். வேலி வரைக்கும் வந்துட்டேன்.

கவ்ரீல்: அப்புறம்?

வர்வாரா: உன் ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சுது. பூனைகிட்ட ஏதோ பேசிட்டிருந்தே. திரும்பிட்டேன்.

கவ்ரீல்: மீன் தலை கேட்டுச்சு. தர முடியாதுன்னு சொல்லிட்டிருந்தேன்.

வர்வாரா: கொடுத்தியா?

கவ்ரீல்: கொடுத்துட்டேன்.

வர்வாரா: நேராச் சொல்லு. அந்தப் பெட்டி வேலை செய்யுமா?

கவ்ரீல்: செய்யும்.

வர்வாரா: நல்லாவா?

கவ்ரீல்: என்னைவிட நல்லா.

வர்வாரா: ம்.

கவ்ரீல்: அப்ப நீ... போக வேண்டியதுதானே. மகன் கூப்பிடறான். விறகு பிளக்க வேணாம். குழாயில வெந்நீர்...

வர்வாரா: நீயும் குழாயைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டியா?

கவ்ரீல்: நான் வேற என்ன சொல்றது? எனக்குப் பேட்டரியைப் பத்தித்தான் பேசத் தெரியும்.

வர்வாரா: சரி, அதையே பேசு.

கவ்ரீல்: பேசினா கோவிச்சுக்குவே.

வர்வாரா: பேசு.

கவ்ரீல்: அந்தப் பெட்டியே தேவையில்ல, வர்வாரா. நிறைஞ்ச பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சிட்டா அது பாட்டுக்குக் கிடக்கும். குளிர்காலம் பூரா கிடக்கும். நடுவுல ஒருதரம் சார்ஜ் போட்டா அதுவே ஜாஸ்தி. இந்த ஞாயித்துக்கிழமைப் பாடு எதுவுமே வேணாம். சொல்லப்போனா இது கெடுதல். இந்தக் குளிர்ல கிளப்பறதுக்கே அவ்வளவு கரண்ட்டை இழுக்குது. நின்ன இடத்துல அரை மணி நேரம் ஓடினா அதுல பாதிகூடத் திரும்ப ஏறாது. அதனாலதான் ‘சும்மா பாக்கறேன்’னு அப்பப்ப என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். என் பழைய சார்ஜர்ல போட்டு நிரப்பித் திருப்பிக் கொண்டுவந்து வைக்கறேன்.

வர்வாரா: தெரியும்.

கவ்ரீல்: எது தெரியும்?

வர்வாரா: எல்லாம். ப்ரகோப்பி எந்த வண்டி வச்சிருந்தாலும் பனி விழுந்ததும் பேட்டரியைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவார். பனி உருகறப்பத்தான் வெளிய எடுப்பார். முதல் திருப்பல்லயே இன்ஜின் பாடும். எத்தனை வருஷம் அதைச் சுத்திச் சுத்தித் துடைப்பம் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?

கவ்ரீல்: அப்ப... நான் முதல் தடவை வந்து சொன்னப்பவே...

வர்வாரா: ‘வாரம் ஒருதரம் ஓட்டலைன்னா செத்துப்போயிடும்’னு சொன்னே. அந்தக் குளிர்ல தொப்பியைக் கழட்டிக் கையில பிசைஞ்சுக்கிட்டு நின்னே. காது ரெண்டும் வெள்ளையா விறைச்சுப் போயிருந்துச்சு. பொய் சொல்றான்னு தெரிஞ்சுது. ஆனா தொப்பியைப் போடுய்யான்னு சொல்றதுதான் அப்ப அவசரம்.

கவ்ரீல்: அதைத்தான் சொன்னே. வேற ஒண்ணும் சொல்லல.

வர்வாரா: அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பம் சுட்டேனே.

கவ்ரீல்: ...ஆமா. சுட்டே.

வர்வாரா: ஏன் பல்லைக் காட்டறே?

கவ்ரீல்: காட்டல. அப்பம் ஒட்டிக்கிச்சு. ...அப்ப போன வருஷம் நடந்ததும் உன் வேலைதானா?

வர்வாரா: எது?

கவ்ரீல்: அந்த ரெண்டு வாரம். பேட்டரி செத்துக் கிடந்ததே! ஐசென் பந்தயம் வச்சதும் என் கதை முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். நிறைஞ்ச பேட்டரி. சாக வாய்ப்பே இல்ல. ஆனா செத்துச்சு. ஐசென் என் தோளைத் தட்டி, நீங்க சொன்னது சரிதான் மாமான்னான். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. நீதான் ஏதோ பண்ணியிருக்கேன்னு மனசுக்குள்ளயே...

வர்வாரா: நான் தொடவே இல்ல. நீ பண்ணினேன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன்.

கவ்ரீல்: நானா? மெக்கானிக் ஒருத்தன் வேணும்னே பேட்டரியைச் சாகடிப்பானா?

வர்வாரா: பின்ன யாரு?

கவ்ரீல்: பேட்டரியே நம்ம மேல இரக்கப்பட்டிருக்கும்.

வர்வாரா: சிரிக்க வைக்காதே. அக்கா வர்ற நேரம்.

கவ்ரீல்: அவங்களுக்குச் சந்தேகம் ஏதாவது...

வர்வாரா: தெரியல. எனக்கு அதுதான் பயம். நல்லவங்கதான். ஆனா தம்பின்னா உசுரு. தம்பி வண்டியில, தம்பி சீட்டுல இன்னொரு ஆள். பின்னாலேருந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. என்ன நினைக்கறாங்களோ.

கவ்ரீல்: அதுக்குத்தான் நான் இந்தச் சீட்டை இழுக்கவே இல்ல.

வர்வாரா: எந்தச் சீட்டை?

கவ்ரீல்: இதை. ப்ரகோப்பி வச்ச இடத்துலயே இருக்கு. அவருக்குக் கால் நீளம். எனக்குப் பெடல் எட்டாது. நின்ன இடத்துல ஓட்டறதுதானேன்னு நுனியில உக்காந்து சமாளிச்சுக்கறேன்.

வர்வாரா: மூணு வருஷமாவா? ...நான் கவனிக்கவே இல்லையே.

கவ்ரீல்: நீ கவனிக்கணும்னு பண்ணல.

வர்வாரா: கவ்ரீல்...

கவ்ரீல்: வர்றாங்க. கதவு.

அக்குலினா: தள்ளு, தள்ளு, சாத்து! மூக்கு இருக்கா பாரு, எனக்கு உணர்ச்சியே இல்ல. பேனாவைக் கக்கத்துல வச்சுக் கொண்டுவந்தேன். உறையில பசை காஞ்சுபோயிருக்கு. அதுக்கு இந்தக் கெட்டிப்பால் டப்பா.

கவ்ரீல்: டின் பாலா? அதுல உறை ஒட்டுமா?

அக்குலினா: ஒட்டுமாவா? ஒட்டினா ஐசென் கத்தி வச்சுத்தான் பிரிக்கணும். போன்ல பேசலாம்னா போஸ்டாபீஸ் மார்ஃபா நடுவுல பூந்து அவளும் பதில் சொல்றா. சரி, என்ன முடிவு பண்ணீங்க?

வர்வாரா: ஒண்ணும் முடிவு பண்ணல.

அக்குலினா: இவ்வளவு நேரமும் ஒண்ணுமே பேசலையா?

கவ்ரீல்: பேட்டரியைப் பத்திப் பேசினோம்.

அக்குலினா: நினைச்சேன். பெட்டியை மடியில வச்சு அதுமேலயே எழுதறேன். பாத்தியா, ஒரு உபயோகம் வந்துடுச்சு. ‘அன்புள்ள ஐசென், கருவி வந்து சேர்ந்தது. அனைவரும் நலம். ஆனால் கவ்ரீல் சொல்வதாவது...’ சொல்லு கவ்ரீலு. வயர் ஒடியும்னு எழுதவா, தீப் பிடிக்கும்னு எழுதவா?

கவ்ரீல்: ...எதுவும் எழுத வேணாம் அக்கா.

அக்குலினா: என்னது?

கவ்ரீல்: கருவி நல்ல கருவி. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. அந்தப் பையன் அம்மாவுக்காக வாங்கி அனுப்பியிருக்கான். இதுக்கு மேலயும் நான் பொய்... இல்ல, தப்பாச் சொல்லக் கூடாது.

அக்குலினா: அப்ப சனிக்கிழமை சீட்டு உறுதி, இல்லையா? எழுதிடவா? ...வர்வாரா, உன்னைத்தான் கேக்கறேன்.

வர்வாரா: இருங்க.

அக்குலினா: நான் இருப்பேன். இங்க் இருக்காது.

வர்வாரா: பேட்டரியைப் பத்தி ஒரு வரியும் வேணாம். கருவிக்கு நன்றின்னு எழுதுங்க. அப்புறம்... ‘நான் வரலை’ன்னு எழுதுங்க.

அக்குலினா: ‘வரவில்லை’. காரணம்?

வர்வாரா: எனக்கு இங்க இருக்கத்தான் ஆசை.

அக்குலினா: அது காரணமா? அவன் கேப்பானே.

வர்வாரா: கேக்கட்டும். மூணு வருஷமா அவனுக்குப் பேட்டரியைக் காரணம் காட்டினேன், அவன் பேட்டரிக்கு மருந்து அனுப்பிட்டான். புள்ள மேல என்ன தப்பு? உள்ளதைச் சொல்லியிருந்தா அவனுக்கும் செலவு மிச்சம். ‘எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை’. அப்படியே எழுதுங்க. ஆத்து ஐஸ் உடையறதுக்கு முன்னால வந்து பிள்ளைங்களைப் பாத்துட்டு, நாலு நாள் இருந்துட்டுத் திரும்பிடுவேன்னும் எழுதுங்க. குதிரை நல்லா இருக்குன்னு சொல்லுங்க.

அக்குலினா: ‘குதிரை நன்றாக இருக்கிறது.’ மாடுன்னு நான் சொன்னதை எழுதல. ...என்னை ஒரு வார்த்தை கேக்காமலே என் சீட்டையும் சேத்து ரத்து பண்ணிட்டே.

வர்வாரா: நீங்க வேணும்னா போயிட்டு வாங்க அக்கா. வெந்நீர் குழாய்...

அக்குலினா: போயி? அஞ்சாவது மாடியில உக்காந்து புகைமூட்டத்தை எண்ணறதா? மேல சொல்லு.

வர்வாரா: அவ்வளவுதான்.

கவ்ரீல்: அப்ப கருவி?

வர்வாரா: மாட்டுவோம். பையன் ஆசையா அனுப்பினது. பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டுக் கணப்புப் பக்கத்துலயே கிடக்கட்டும்.

கவ்ரீல்: அப்படின்னா ஞாயித்துக்கிழமை... வண்டியைக் கிளப்ப வேண்டியது... எனக்கு இங்க வேலை எதுவும்...

வர்வாரா: நீ வா. வேலை எதுவும் கொண்டுவர வேணாம். சும்மா வா.

அக்குலினா: ...இந்தப் பேனா உறைஞ்சுபோச்சு போலிருக்கு. இருங்க, கக்கத்துல வச்சுக்கறேன். நீங்க பேசுங்க. எனக்குக் காது மந்தம்.

வர்வாரா: இதுவரைக்கும் உங்களுக்குக் காது மந்தமே இல்லையே அக்கா.

அக்குலினா: இன்னிக்குத்தான் ஆரம்பம்.

கவ்ரீல்: வண்டியை அப்படியே விட்டுடவா?

வர்வாரா: ஏன் விடணும்? நிக்க வச்சு ஓட்டினதுதான் போதும். எங்கயாவது போவோம். ஏரி வரைக்கும் போனா என்ன?

கவ்ரீல்: போகலாம். ஆனா சக்கரமெல்லாம் நின்னு நின்னு உறைஞ்சு சதுரமாயிருக்கும். முதல்ல குதிரை மாதிரி தூக்கிப் போடும்.

வர்வாரா: போடட்டும்.

கவ்ரீல்: ஏரிக்குப் போயிட்டு வந்தா... நிஜமாவே சார்ஜ் ஏறும். ஓடினாத்தான் ஏறும். அதுதான் சரியான முறை.

அக்குலினா: ‘இப்படிக்கு, உன் அம்மா. எழுதியது அத்தை.’ முடிஞ்சுது. மடிச்சாச்சு. டப்பாவைக் கொடு. ...விரலால ஒரு தீத்து. ம், இனிப்பாத்தான் இருக்கு. இப்ப அழுத்திப் பிடி வர்வாரா. ரெண்டு கையாலயும். அப்படித்தான்.

வர்வாரா: ஒட்டிக்கிச்சு. என் விரலும் சேந்து ஒட்டிக்கிச்சு.

கவ்ரீல்: ஹார்ன் சத்தம்! ஸ்டெபான் திருப்பத்துல நிக்கறான். கொடுங்க, நான் ஓடிப்போய்க் கொடுத்துட்டு வர்றேன்.

வர்வாரா: தொப்பி!

கவ்ரீல்: போட்டாச்சு. ...அக்கா, ஒரே ஒண்ணு கேக்கணும்.

அக்குலினா: கேளு, சீக்கிரம். கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேக்காதே.

கவ்ரீல்: போன வருஷம், அந்த ரெண்டு வாரத்துல... உங்க ரூம்லதானே பேட்டரி இருந்துச்சு. நீங்க எதுவும் கவனிக்கலையா?

அக்குலினா: கவனிக்காம என்ன? ஐசென் அந்தப் பந்தயத்தைச் சொன்னதும் இவ முகம் எப்படிச் செத்துச்சுன்னு கவனிச்சேன். வாரத்துல அந்த அரை மணி நேரம்தான் இவ சிரிக்கறா, அதுக்கும் வேட்டு வைக்கறானேன்னு இருந்துச்சு. ஊருல கரண்ட் இல்ல, தலைமாட்டுல பேட்டரி, டிரங்குல என் லாரி பல்பு. ரெண்டு வயரை வச்சு மாட்டிட்டேன். மூணு ராத்திரி, பத்திரிகைக் கட்டு பூரா படிச்சு முடிச்சேன், பேட்டரியும் முடிஞ்சுது. என்னடா முழிக்கறே? ஓடு, ஸ்டெபான் போயிடப் போறான். கடுதாசியைக் கொடுத்துட்டு வந்து முதல் வேலையா அந்தச் சீட்டை முன்னால இழுத்துப் போட்டுக்க. என் தம்பிக்குக் கால் நீளம். ஏரிக்குப் போறப்ப உனக்கு பிரேக் எட்டணும்ல?